வேக்குவத்துக்குள் இன்சுலேட்டர் ஏன் மேலோடு மேலாக ஃபிளாஷ் அடிக்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர், அரசூர், பெருந்துறைப் பக்கம் ஹைவோல்டேஜும் வேக்குவமும் ஒன்றாகப் புழங்கும் இடங்கள் கொஞ்சம் உண்டு: எலக்ட்ரான் பீம் வெல்டிங், கோட்டிங் யூனிட், காலேஜ் லேப், பிரேக்கர் டெஸ்டிங். அங்கே இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியாகவே பொறி ஓடிவிடும்; அதுதான் ஃபிளாஷ். அதைப் பற்றி வேலை பார்ப்பவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். கரண்ட் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத்தான் இதில் குழப்பம் அதிகம், ஏனென்றால் காற்றில் சரியாக இருக்கும் வழக்கங்களில் பாதி வேக்குவத்தில் எடுபடாது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போவதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

ஏனுங்க, காத்தையே உறிஞ்சி எடுத்தாச்சு. அப்புறம் எது வழியாத்தானுங்க பொறி பறக்குது?

நியாயமான கேள்வி. 10⁻⁵ மில்லிபாரில் மிச்சமிருக்கும் ஒரு காற்று மூலக்கூறு, இன்னொன்றின் மேல் மோதுவதற்குள் சராசரியாக ஆறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் சேம்பர் எதுவும் அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் காற்றில் நடப்பதுபோல வாயுவுக்குள்ளேயே பொறி பிறந்து வளர வழியில்லை.

இங்கே ஆரம்பம் உலோகத்தில். நெகட்டிவ் எலக்ட்ரோடில் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகள் இருக்கும். அங்கே மின்புலம் குவிந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் இன்சுலேட்டரின் தோலில் மோதிப் பெருகுகின்றன. கடைசியில் பொறி ஓடத் தேவையான வாயுவையும் அந்தத் தோலே கக்குகிறது: அதில் ஒட்டியிருந்த ஈரம், எண்ணெய், வாயு எல்லாம் அடிபட்டுக் கிளம்பும். பம்ப் எடுத்தது சேம்பருக்குள் மிதந்த காற்றை. ஒட்டிக்கொண்டிருந்ததை அது எடுக்கவில்லை.

வெறும் கேப் விட்டா நல்லா தாங்குது. அதே கேப்ல பீங்கான் வச்சா பாதி வோல்டேஜ்லயே அடிச்சுருது. இன்சுலேட்டர் வச்சா ஜாஸ்திதானுங்களே தாங்கணும்?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதற்கான பதில் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வெறும் வேக்குவ இடைவெளியில் நெகட்டிவில் கிளம்பிய எலக்ட்ரான் நேராகப் பாசிட்டிவுக்குப் போய்ச் சேரும். வழியில் ஒன்றும் இல்லாததால் ஒன்று ஒன்றாகவே போய்ச் சேரும். பீங்கானை வைத்தால், அதன் ஓரமாகக் கிளம்பும் எலக்ட்ரான்களில் சில பீங்கான் மேலேயே மோதும். சில பத்து எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து சில ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றல் உள்ள எலக்ட்ரான் ஒன்று மோதினால் ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் வெளியே வரும். அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடுப் பீங்கான்) இந்தப் பெருக்கம் ஐந்தைக்கூடத் தாண்டும். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது இரண்டோ மூன்றோ என்றால், அந்த இடத்தில் மிஞ்சுவது பாசிட்டிவ் சார்ஜ். அது வெளியேறிய எலக்ட்ரான்களைத் திரும்ப மேற்பரப்புக்கே இழுக்கும். அவை மறுபடி மோதும், மறுபடி பெருகும். கந்துவட்டி மாதிரி, முதல் எவ்வளவு சின்னது என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும் அளவுக்கு ஏறிவிடும்.

இப்படித் தத்தித் தத்திப் போகும் எலக்ட்ரான் கூட்டம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வாயுவைத் தட்டிக் கிளப்புகிறது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஒரே ஒரு அடுக்கு வாயு ஒட்டியிருந்தாலும் அதில் 10¹⁵ மூலக்கூறுகள் இருக்கும். அவை கிளம்பியதும் பீங்கானை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று உருவாகும். அந்தப் படலம் அயனியாகி, அதற்குள் பொறி ஓடுகிறது. எல்லாம் நானோ செகண்டுக் கணக்கில் முடிந்துவிடும். 1980இல் ஆண்டர்சன், பிரைனார்ட் என்ற இருவர் பல்ஸ் சோதனைகளை வைத்து இந்த வாயுப் பகுதியைத் தெளிவாக எழுதினார்கள். இன்றைக்கும் பெரும்பாலோர் இந்த விளக்கத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

டேட்டா ஷீட்ல அலுமினா மில்லிமீட்டருக்கு 10 கிலோவோல்ட்டுக்கு மேலன்னு போட்டிருக்கான். 10 மி.மீ. வச்சா 100 கிலோவோல்ட் தாங்கணுமில்லீங்களா?

அந்த எண் பீங்கானைக் குத்தித் துளைத்துக்கொண்டு போவதற்கான எண். மேற்பரப்பில் ஓடிப் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வேக்குவத்தில் 10 மி.மீ. நீளமுள்ள சாதாரண அலுமினா உருளை டிசியில் சில பத்து கிலோவோல்ட்டிலேயே மேலோடு மேலாக அடித்துவிடும். உள்ளே துளைபடுவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கதவு பூட்டியிருந்தாலும் சுவர் ஏறிக் குதிப்பவனைப் பற்றிப் பூட்டுக் கம்பெனியின் டேட்டா ஷீட் ஒன்றும் சொல்லாது.

மழைத்தூறல்ல 11 கே.வி. லைன் பீங்கான் அடிக்குதே, அதும் இதும் ஒண்ணுங்களா?

இல்லை. லைனில் நடப்பது தூசி, சிமென்ட், ஃபவுண்ட்ரிப் புகை படிந்து, அதில் ஈரம் இறங்கி, படிவம் கடத்தியாகி, லீக்கேஜ் கரண்ட் ஓடி, அங்கங்கே காய்ந்த பட்டைகளில் பொறி தொடங்கி வளர்வது. அதற்கு மருந்து க்ரீப்பேஜ் நீளம், அதாவது மேற்பரப்பைத் தடவிக்கொண்டே போகும் பாதையின் நீளம். ஐ.இ.சி. 60815 தரத்தின் பழைய பதிப்பில் கடும் மாசுக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 25 மி.மீ., மிகக் கடுமைக்கு 31 மி.மீ. என்று சொல்லியிருப்பது அதற்குத்தான். வேக்குவத்தில் மேற்பரப்பு பளிங்குபோல் சுத்தமாக இருந்தாலும் அடிக்கும். லீக்கேஜ் கரண்ட் தேவையே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் வரும் சிக்கலை மடிப்புப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்குதுன்னு எப்படிங்க தெரியும்? நடுவுலதான கருப்புக் கோடு இருக்குது?

கோடு முழுக்க ஓடியிருக்கும். ஆனால் தொடக்கம் பெரும்பாலும் நெகட்டிவ் பக்கம்தான். அங்கே உலோகம், பீங்கான், வேக்குவம் மூன்றும் ஒரே விளிம்பில் சந்திக்கின்றன. பட்டறையில் நாங்கள் அதை முச்சந்தி என்போம்.

முச்சந்தியில் உலோகமும் பீங்கானும் ஒட்டி உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் இரண்டுமே லேத்தில் வந்தவை. சில மைக்ரான் சந்து கட்டாயம் இருக்கும். அந்தச் சந்துக்குள் மின்புலம், பீங்கானின் டைஎலக்ட்ரிக் எண் எத்தனையோ ஏறக்குறைய அத்தனை மடங்கு ஏறும். அலுமினாவுக்கு அது 9 முதல் 10 வரை. வெளியே சராசரியாக மி.மீ.க்கு 3 கிலோவோல்ட் என்றால் சந்துக்குள் 30க்குப் பக்கம். அதன்மேல் லேத் வெட்டின பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். எலக்ட்ரான் கிளம்ப இதைவிடத் தோதான இடம் சேம்பருக்குள் வேறெங்கும் இல்லை.

அதனால் டிசைன் என்று என்னிடம் யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பீங்கானின் நீளத்தை இல்லை, நெகட்டிவ் பக்க முச்சந்தியை. பீங்கான் முனையில் மாலிப்டினம்-மாங்கனீஸ் மெட்டலைசிங் (உலோகப் பூச்சு) செய்து பிரேஸ் பண்ணினால் (உலோகம் உருக்கி ஒட்டினால்) சந்தே இருக்காது. அது கட்டுப்படியாகாதென்றால், எலக்ட்ரோடில் ஒரு பள்ளம் எடுத்துப் பீங்கானை அதற்குள் இறக்கி, பள்ளத்தின் விளிம்பை நன்றாக உருட்டி மழுக்கிவிடுங்கள். அல்லது முச்சந்தியை மறைக்கிற மாதிரி உருண்டை விளிம்புள்ள உலோக வளையம் ஒன்று போடுங்கள். வளையத்துக்குப் பின்னால் மின்புலம் தணிந்துவிடும். செலவு கம்மி, பலன் அதிகம் என்றால் இந்த வளையம்தான்.

மெகர்ல இன்ஃபினிட்டி காட்டுதுங்க. மெகர்ல கிளியரா இருக்கறது எப்படிங்க அடிக்கும்?

மெகர் என்ற இன்சுலேஷன் டெஸ்டர் காட்டுவது லீக்கேஜ் ரெசிஸ்டன்ஸ். அதையும் காற்றில் வைத்து, 5 கிலோவோல்ட்டுக்குள் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரான் தத்திப் பெருகுவதற்கு முன்பு வரை லீக்கேஜ் ஏறக்குறைய சைபர்தான். மெகர் ரீடிங் மோசமாக இருந்தால் பீங்கான் கெட்டது என்று சொல்லலாம். ரீடிங் நன்றாக இருந்தால் பீங்கான் வேக்குவத்தில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரிங்ணா, நீளத்தை ரெண்டு மடங்காக்கிட்டா ரெண்டு மடங்கு தாங்குமில்ல?

தாங்காது. கொஞ்சம் நீளமான இன்சுலேட்டர்களில் தாங்கும் வோல்டேஜ் ஏறக்குறைய நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். இரண்டு மடங்கு நீளத்துக்கு 1.4 மடங்கு, இரண்டு மடங்கு வோல்டேஜ் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நீளம். முச்சந்தியில் கிளம்பிய கூட்டத்துக்கு ஓடிப் பெருக இன்னும் நீண்ட பாதை கிடைக்கிறதே தவிர, கிளம்புவதை நீளம் தடுப்பதில்லை.

ஆனால் 40 மி.மீ. ஒரே துண்டுக்குப் பதில் 10 மி.மீ. துண்டுகள் நான்கை வைத்து, நடுநடுவே உலோக வளையம் போட்டு, ரெசிஸ்டர் சங்கிலியால் வோல்டேஜைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் கதை மாறும். பெருகி வரும் எலக்ட்ரான்களை ஒவ்வொரு வளையமும் பிடித்துவிடும். அடுத்த துண்டில் புதிதாகத்தான் ஆரம்பிக்கவேண்டும். மொத்தமும் ஒரு 10 மி.மீ. துண்டு தாங்குவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்குக்குப் பக்கம் வரும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள 14 மில்லியன் வோல்ட் வகைப் பெலட்ரான் போன்ற துகள் முடுக்கிகளின் குழாய் உலோகமும் இன்சுலேட்டரும் மாறி மாறி அடுக்கியதாக இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

லைன் பீங்கானுக்கு இருக்கற மாதிரி மடிப்பு வெட்டுனா க்ரீப்பேஜ் கூடுமே, அதைச் செய்யலாமுங்களா?

காற்றில் மடிப்பு மழையை வடிக்கும், லீக்கேஜ் பாதையை நீட்டும். வேக்குவத்தில் எலக்ட்ரான் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு வளைந்து நெளிந்து போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மடிப்பின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குத் தாவிவிடும். அதனால் க்ரீப்பேஜ் இரட்டித்தது என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். சரியான இடத்தில் வெட்டிய பள்ளம் சில எலக்ட்ரான்களைப் பிடித்து ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் பள்ளத்தின் கூர் விளிம்பு பொடிந்திருந்தாலோ, அதற்குள் பாலிஷ் பேஸ்ட் தங்கிவிட்டாலோ கிடைத்த லாபம் போய்விடும். உலோக ஆவி படிகிற இடங்களில் மட்டும் மடிப்புக்குப் பெரிய வேலை உண்டு. அதைக் கீழே ஃபர்னஸ் கேள்வியில் பாருங்கள்.

கோன் மாதிரி 45 டிகிரி சரிவா வெட்டச் சொல்றாங்க. அகலமான பக்கம் எந்தப் பக்கமுங்க வரணும்?

அகலமான அடி நெகட்டிவ் பக்கம், குறுகின தலை பாசிட்டிவ் பக்கம். இப்படி வைத்தால் முச்சந்தியில் கிளம்பும் எலக்ட்ரான் நேராகப் பாசிட்டிவை நோக்கிப் போகும்போது பீங்கான் அதை விட்டு உள்பக்கமாக விலகிப் போயிருக்கும். மோத இடமில்லை, பெருக வழியில்லை. பல்ஸ் வேலையில் நேர் உருளையைவிட இரண்டு மடங்குக்கு மேல்கூடத் தாங்கும். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்தின் ‘இசட்’ என்ற மாபெரும் பல்ஸ் மின்சக்தி இயந்திரத்தில் பிளாஸ்டிக் வளையங்களை 45 டிகிரி சரிவோடு அடுக்கியிருப்பதும் இந்த உத்திதான்.

தலைகீழாக மாட்டினால் நேர் உருளையைவிடக் கொஞ்சம் தேவலாம் என்றிருக்கும். சரியாக மாட்டியதற்குக் கிட்டே வராது. அசெம்பிளி செய்பவருக்கு இதை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். டிராயிங்கில் ‘நெகட்டிவ்’ என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

ஏசியா இருந்தா ரெண்டு பக்கமும் நெகட்டிவ் ஆகுமே சார், அப்ப?

ஆகும். 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் முச்சந்தி பக்கம் மாறுகிறது. ஒற்றைக் கோனால் அரைச்சுற்றுக்குத்தான் பாதுகாப்பு. ஏசிக்கு இரண்டு முனையிலும் மறைப்பு வளையம் போடுவதே சரியான வழி.

எந்த மெட்டீரியல் எடுக்கறதுங்க? அலுமினாவா, டெஃப்லானா, மேக்கரா?

டைஎலக்ட்ரிக் எண் குறைவாக இருந்தால் சந்தில் ஏறும் மின்புலமும் குறைவு. டெஃப்லான் 2.1, குவார்ட்ஸ் 3.8, போரோசிலிகேட் கண்ணாடி 4.6 அளவில், அலுமினா 9க்கு மேல். எலக்ட்ரான் பெருக்கத்திலும் அலுமினாதான் மோசம். இந்தக் கணக்கில் பார்த்தால் பிளாஸ்டிக் ஜெயிக்கவேண்டும். ஒற்றை பல்ஸ் வேலைகளில் அக்ரிலிக்கும் கிராஸ்-லிங்க்டு பாலிஸ்டைரீனும் ஜெயிக்கவும் செய்கின்றன.

ஆனால் பிளாஸ்டிக் ஒரு தடவை நன்றாக அடித்தால் கார்பன் கோடு விழும். அது கடத்தி, அதற்கப்புறம் அந்தத் துண்டு குப்பைக்கு. சூட்டில் நிற்காது, வாயுவும் அதிகம் விடும். அதனால் தினம் ஓடவேண்டிய மெஷினுக்கு அலுமினாவே எடுங்கள், முச்சந்தியை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள். ஒன்றிரண்டு பீஸ் அவசரமாக வேண்டும், நம் லேத்திலேயே வெட்டவேண்டும் என்றால் மேக்கர் (லேத்தில் வெட்ட வரும் கண்ணாடிப் பீங்கான்). அலுமினாவின் பெருக்கத்தைக் குறைக்க மேலே மெல்லிய பூச்சுப் போடுவதும் உண்டு. கிளைஸ்ட்ரான் (மைக்ரோவேவ் குழாய்) ஜன்னல்களில் டைட்டானியம் நைட்ரைடு, வேறு சில இடங்களில் குரோமியம் ஆக்சைடு. பூச்சு நானோமீட்டர் கணக்கில் இருக்கவேண்டும். கெட்டியானால் அதுவே ஷார்ட். உள்ளூர்க் கோட்டிங் யூனிட்டில் கொடுத்து ‘கொஞ்சம் போட்டுத் தாங்க’ என்று கேட்கிற வேலை இல்லை.

கழுவறது எப்படிங்க? தின்னர் போட்டுத் துடைச்சுத்தான் மாட்டறோம்.

எதை வைத்துத் துடைக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் துடைக்க இருப்பது பனியன் வேஸ்ட். திருப்பூர் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை, மெஷின் துடைக்க அதைவிட நல்லதும் இல்லை. ஆனால் பீங்கானை அதால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நூல் நுனிகள் மேற்பரப்பில் முடிமுடியாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு ஊசிமுனை. பிசிறு விடாத துணி தனியாக விற்கிறது. அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் வெள்ளை வளையமாக உப்பு நிற்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், இந்த வேலைக்கு அதுவும் போதாது. டீஅயனைஸ்டு தண்ணீரில் அலசவேண்டும். வரிசை இதுதான்: சோப்புக் கரைசலில் அல்ட்ராசானிக், டீஅயனைஸ்டு தண்ணீர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு ஓவனில் 150 டிகிரியில் சில மணி நேரம். அதற்கப்புறம் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கைரேகை என்பது உப்பும் எண்ணெயும். வெட்டுவதற்குக் குறித்த பென்சில் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பென்சில் கிராஃபைட், கிராஃபைட் கடத்தி. ஓ-ரிங்குக்குத் தடவும் கிரீஸ் பீங்கான் பக்கமே வரக்கூடாது.

பம்ப் ஓடிட்டே இருக்கும்போது ஹைவோல்டேஜ் போட்டு செக் பண்ணுனா என்னங்க? ஓப்பன்ல 10 கே.வி. தாங்குச்சு, பாதி வேக்குவத்துல 500 வோல்ட்லயே பிங்க் கலர்ல எரியுது.

தயவுசெய்து போடாதீர்கள். அது மேற்பரப்பு ஃபிளாஷ்கூட இல்லை, வாயுவே எரிகிறது. பாஷன் விதிப்படி காற்றில் அழுத்தமும் இடைவெளியும் பெருக்கி வரும் எண் 0.75 மில்லிபார்-செ.மீ. அருகே இருக்கும்போது வெறும் 330 வோல்ட்டே போதும், பற்றிக்கொள்ளும். 1 செ.மீ. இடைவெளிக்கு அது 0.75 மில்லிபார், 5 செ.மீ.க்கு 0.15. ரோட்டரி பம்ப் இந்த இடத்தைக் கடந்துதான் போகவேண்டும். கேஜ் 10⁻⁴ மில்லிபாருக்குக் கீழே போகாமல் ஹைவோல்டேஜ் ஆன் ஆகாதபடி இன்டர்லாக் போட்டுவிடுங்கள். இன்டர்லாக்கை ஜம்பர் போட்டு ஓட்டும் மெஷின்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்ப வேக்குவத்தை இன்னும் ஆழமாக்குனா ஃபிளாஷ் நின்னுருமுங்களா? டர்போ பம்ப் வாங்கச் சொல்றாங்க.

10⁻⁴க்குக் கீழே போனபின் மேற்பரப்பு ஃபிளாஷ் வோல்டேஜ் அழுத்தத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பொறிக்கு வேண்டிய வாயு மேற்பரப்பிலிருந்து வருகிறது என்று இரண்டாம் பதிலில் பார்த்தோம். 10⁻⁶ மில்லிபாரில்கூட, சுத்தமான பரப்பில் ஒரு அடுக்கு வாயு சில செகண்டில் மறுபடி படிந்துவிடும். டிஃப்யூஷன் பம்ப் எண்ணெய் ஆவி பின்னால் வந்து பீங்கானில் படிகிற மெஷின் என்றால் டர்போ மாற்றுவதில் அர்த்தம் உண்டு. மற்றபடி அந்தக் காசில் ஒரு பேக்கிங் ஹீட்டரும் (சேம்பரைச் சூடாக்கி ஒட்டிய ஈரத்தையும் வாயுவையும் விரட்டுவது) நல்ல மறைப்பு வளையமும் வாங்குங்கள்.

முதல் நாள் 20லயே டப்பு டப்புன்னு அடிச்சுது. அப்படியே விட்டு ஏத்தி ஏத்தி இப்ப 35 நிக்குது. இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?

நல்லது, அளவோடு அடித்திருந்தால். இதற்குக் கண்டிஷனிங் என்று பெயர். சின்னச் சின்ன அடியில் ஊசிமுனைகள் உருகி மழுங்கும், ஒட்டியிருந்த வாயு கிளம்பிப் பம்புக்குப் போகும்.

அடியின் ஆற்றல் சின்னதாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். சப்ளைக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே பெரிய ரெசிஸ்டர் போட்டுக் கரண்டைக் கட்டுப்படுத்துங்கள். ஒன்றிரண்டு கிலோவோல்ட்டாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மைக்ரோஆம்பியர் மீட்டரையும் வேக்குவ கேஜையும் பாருங்கள். ஏற்றியவுடன் இரண்டும் ஒரு குதி குதிக்கும், அடங்கும்வரை காத்திருங்கள். ஓட்டப்போகும் வோல்டேஜைவிட 20, 30 சதவீதம் மேலே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு இறங்குங்கள். மைக்ரோஆம்பியர் அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள், அது கண்டிஷனிங்கில் சரியாகாத கேஸ்.

சேம்பரைத் திறந்து மூடுனா மறுபடி முதல்ல இருந்தாங்க?

முழுக்க இல்லை. உலோக முனை மழுங்கினது மழுங்கினதுதான். வாயுவும் ஈரமும் மட்டும் திரும்ப ஏறிக்கொள்ளும். காய்ந்த நைட்ரஜன் விட்டுத் திறந்து, சீக்கிரம் மூடினால் பாதி வேலை மிச்சம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வரும்போது சேம்பரை ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுவிட்டால் மறுநாள் பம்ப் இறங்கவே மத்தியானம் ஆகும். கண்டிஷனிங்கும் அதற்கேற்ப இழுக்கும்.

அடிச்ச பீங்கானைப் பார்த்து என்னங்க கண்டுபிடிக்க முடியும்?

நிறைய. ஒரு லென்ஸும் சாய்வான வெளிச்சமும் போதும். முதலில் நெகட்டிவ் முனையில் உலோகத்தைப் பாருங்கள்: சின்னச் சின்னக் குழிகள், சுற்றிலும் உருகிய விளிம்பு. அந்தக் குழிக்கு நேராகப் பீங்கானில் மெல்லிய சாம்பல் கோடு கிளம்பி, போகப்போக மரக்கிளைபோலப் பிரிந்திருக்கும். எல்லாக் கோடுகளும் ஒரே குழியிலிருந்து போனால் அங்கே பிசிறோ, பீங்கான் விளிம்பில் சில்லு பெயர்ந்ததோ இருக்கும். சுற்றிலும் சீராகப் பரவியிருந்தால் வடிவமைப்பே போதவில்லை என்று அர்த்தம். உலோகப் பளபளப்போடு கோடு இருந்தால் எலக்ட்ரோடு உருகிப் படிந்திருக்கிறது; அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

ஜன்னல் வழியாப் பார்த்தா அடிக்கறதுக்கு முன்னாடியே பீங்கான் மேல லேசா நீலமா ஒரு வெளிச்சம் தெரியுது, அது என்ன சார்?

எலக்ட்ரான் அடிபட்டு அலுமினா ஒளிர்கிறது. சில துண்டுகளில் சிவப்பாகவும் தெரியும். அலுமினாவில் துளி குரோமியம் கலந்திருந்தால் 694 நானோமீட்டரில் சிவப்பு வரும், மாணிக்கக் கல்லின் அதே சிவப்பு. லைட்டை அணைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் எலக்ட்ரான் மோதுகிறது என்று படம் போட்டதுபோலத் தெரியும். ஆனால் வெறும் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்காதீர்கள், காரணம் எக்ஸ்-ரே கேள்வியில். கேமரா வைத்துப் பாருங்கள்.

எங்களது ஹீட் ட்ரீட்மென்ட் வேக்குவம் ஃபர்னஸுங்க. எலமென்ட்டுக்கு நூறு வோல்ட்டுக்குள்ளதான். அதுலயும் பீங்கான் ஷார்ட் ஆகுதே?

அங்கே எலக்ட்ரான் பெருக்கம் எதுவும் இல்லை. சூட்டில் வேலைப்பொருளிலிருந்து மாங்கனீஸ், குரோமியம் ஆவியாகிக் கிளம்பிக் குளிர்ச்சியான பீங்கானில் உலோகப் படலமாகப் படிகிறது. கிராஃபைட் எலமென்ட் என்றால் கார்பன் தூளும் சேரும். நாளடைவில் அந்தப் பீங்கான், பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோல ஆகிவிடும். இங்கேதான் மடிப்பு உதவுகிறது. குடைபோன்ற மடிப்பின் அடிப்பக்கம் ஆவிக்கு மறைவாக இருப்பதால் அங்கே படலம் அறுபட்டு நிற்கும். கார்பன் மட்டும் என்றால் பீங்கானைக் காற்றுள்ள ஃபர்னஸில் சுட்டால் எரிந்துபோகும். உலோகம் படிந்ததென்றால் மாற்றிவிடுவதே மேல்.

சப்ஸ்டேஷன் வி.சி.பி.ல வேக்குவம் பாட்டில் இருக்கே, அதுக்குள்ளயும் இதே தொல்லைதானுங்களா?

அதேதான், வேக்குவம் சர்க்யூட் பிரேக்கரை (வி.சி.பி.) அதை எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். 12 கிலோவோல்ட் வகைப் பாட்டிலில் காண்டாக்ட் திறக்கும்போது இடைவெளி ஒரு செ.மீ.க்குள்தான், ஆனால் 28 கிலோவோல்ட் ஏசி ஒரு நிமிடமும், 75 கிலோவோல்ட் இம்பல்ஸும் தாங்கவேண்டும். ஒவ்வொரு ஆர்க்கிலும் காப்பர்-குரோமியம் காண்டாக்ட் கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவி பீங்கான் உள்சுவரில் படியாமல் இருக்கக் காண்டாக்ட்டைச் சுற்றி உலோக ஷீல்டு இருக்கும். முச்சந்திகளையும் முனை ஷீல்டுகள் மறைத்திருக்கும், முனையெல்லாம் பிரேஸ் செய்தது. நாம் உள்ளே கைவைக்க ஒன்றும் இல்லை. வெளிப்பக்கப் பீங்கானைத் துடைத்து வைப்பது நம் வேலை. அங்கே நடப்பது லைன் பீங்கான் கதை.

வேக்குவம் இருக்கிறதா என்று பார்க்க ஏசி ஹைபாட் (ஹைவோல்டேஜ் போட்டுத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) தான் நல்லது. டிசி போட்டால் நல்ல பாட்டிலும் ஊசிமுனை எலக்ட்ரானால் லீக்கேஜ் காட்டி, கெட்டதுபோலத் தெரியும்.

எக்ஸ்-ரே வரும்னு பயமுறுத்தறாங்களே, நிஜமாங்க?

நிஜம். வேக்குவத்தில் எலக்ட்ரானை முடுக்கி உலோகத்தில் மோதவிட்டால் அது எக்ஸ்-ரே குழாய்தான், நாம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும். பிரேக்கர் ஹைபாட் செய்யும்போது காண்டாக்ட் திறந்த நிலையில் குறித்த வோல்டேஜுக்கு மேலே போகாதீர்கள், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். எலக்ட்ரான் பீம் மெஷின்கள் 60 கிலோவோல்ட், 150 கிலோவோல்ட் என்று வரும். அவற்றின் ஈயத் தகட்டையும் ஈயக் கண்ணாடியையும் கழற்றி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. காலேஜ் லேபில் சொந்தமாகச் சேம்பர் கட்டுகிறவர்கள் சர்வே மீட்டர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இவற்றுக்குப் பொருந்துமா என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அதே பீஸ் பல்ஸ்ல 80 தாங்குச்சு, டிசில 40லயே போயிருச்சு. டெஸ்ட் ரிப்போர்ட்டே பொய்யாங்க?

ரிப்போர்ட் உண்மையாகவே இருக்கலாம். பல்ஸ் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அதிகம் தாங்கும், ஏனென்றால் எலக்ட்ரான் பெருகி, வாயு கிளம்பி, படலம் உருவாக நேரம் வேண்டும். வாங்கும்போது ‘எத்தனை கிலோவோல்ட்’ என்று மட்டும் கேட்காமல் டிசியா, ஏசியா, எத்தனை மைக்ரோசெகண்ட் பல்ஸ், அப்போது எந்தப் பக்கம் நெகட்டிவ் என்று கேளுங்கள். பரப்பும் கணக்கில் வரும். சின்னத் துண்டில் எடுத்த எண்ணைப் பெரிய இன்சுலேட்டருக்கு அப்படியே போட்டால், பரப்பு கூடக்கூடப் பலவீனமான இடம் ஒன்று சிக்கும் வாய்ப்பும் கூடும்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாச்சுங்ணா. ஒரு மணி நேரம் நிம்மதியா ஓடிட்டு, போலாரிட்டி மாத்துன உடனே கம்மி வோல்டேஜ்லயே அடிச்சுது. இதுக்கு என்ன சொல்றீங்க?

பீங்கான் மேற்பரப்பில் சார்ஜ் தங்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஒரே போலாரிட்டியில் ஓடும்போது முச்சந்தியில் கிளம்பும் துளித்துளி எலக்ட்ரான்களால் மேற்பரப்பு தனக்கென்று ஒரு சார்ஜ் அமைப்பை எழுதிக்கொள்கிறது. அந்தப் போலாரிட்டியில் அது மின்புலத்தைச் சமன்செய்து நமக்கு உதவியாகக்கூட இருக்கலாம். போலாரிட்டியைத் திருப்பியதும் பழைய சார்ஜின் மின்புலம் புதிய வோல்டேஜோடு கூடிக்கொள்ளும். நல்ல அலுமினா அவ்வளவு பெரிய ரெசிஸ்டன்ஸ் என்பதால் வேக்குவத்தில் அந்தச் சார்ஜ் மணிக்கணக்கில்கூட இறங்காது.

மாற்றுவதற்கு முன் வோல்டேஜை இறக்கி, இரண்டு எலக்ட்ரோடையும் எர்த் பண்ணி, சேம்பருக்குள் கொஞ்சம் நைட்ரஜன் விட்டு வெளியேற்றினால் பெரும்பகுதி கழிந்துவிடும். பிறகு புதிய போலாரிட்டியில் கீழிருந்து கண்டிஷனிங். பவர் ஆஃப் செய்து வெகுநேரம் கழித்துச் சேம்பருக்குள் ‘டிக்’ என்று சத்தம் கேட்டதாகச் சிலர் சொல்வதும் இதே சார்ஜ்தான். அதனால் எர்த் ராடை எலக்ட்ரோடில் தொட்டுவிட்டு எடுத்துவிடாதீர்கள். கை உள்ளே இருக்கும்வரை அது அங்கேயே தொங்கட்டும்.